பச்சை மலைப்பாம்பில் கறுப்பைத் தேடுவோர்

நியூகினித் தீவின் மழைக்காடுகளில் வாழும் பச்சை மர மலைப்பாம்பு பிறக்கும்போது பச்சையாக இருப்பதில்லை. முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் குட்டி மஞ்சளாக இருக்கும். அல்லது செங்காவி நிறத்தில் இருக்கும். நீளம் ஏறத்தாழ ஓரடி, எடை பத்து கிராம் அளவு. சில பகுதிகளில் ஒரே அடையில் பொரித்த குட்டிகளில் சில மஞ்சளாகவும் சில சிவப்பாகவும் இருப்பதுண்டு. ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையில் மஞ்சள் மட்டும்தான். பல மாதங்கள் அந்த நிறத்தில் திரிந்துவிட்டு, ஓராண்டை ஒட்டிய வயதில் உடல் பச்சைக்கு மாறுகிறது. உரிக்கும் சட்டையோடு பழைய நிறம் கழன்று விழும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் மாற்றம் தோலின் உள்ளடுக்கில், செதில் செதிலாக நடக்கிறது. சில பாம்புகள் சில வாரங்களில் மாறி முடிக்கும். பியாக் தீவைச் சேர்ந்தவை ஆண்டுக்கணக்கில் மஞ்சள் திட்டுகளை விடாமல் வைத்திருக்கும்.

நம் ஊரில் கண்கொத்திப் பாம்பு என்று அஞ்சப்படும் பச்சைப் பாம்போடு இதற்கு உறவில்லை. நம்முடையது ஒல்லியான, மெல்லிய விஷம் கொண்ட கொடிப்பாம்பு. இது விஷமற்ற மலைப்பாம்பு. ஒன்றரை மீட்டர் அளவு வளரும், சில இரண்டு மீட்டரைத் தொடும். பகலில் கிளை ஒன்றின்மேல் உடலைச் சுற்றுச் சுற்றாக மடித்துப் போட்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். இரவில் தலையைத் தொங்கவிட்டு இரைக்குக் காத்திருக்கும். ஹெர்மன் ஷ்லேகல் 1872-இல் ஆரு தீவுகளிலிருந்து வந்த பாம்பைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். நெடுங்காலம் காண்ட்ரோபைத்தான் என்ற தனிப் பேரினத்தில் இருந்ததால், இன்றும் வளர்ப்போர் இதைக் காண்ட்ரோ என்றுதான் அழைக்கிறார்கள். 1993-இல் இது மொரீலியா பேரினத்தில் சேர்க்கப்பட்டது. நியூகினியின் நடு மலைத்தொடருக்கு வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு இனங்கள் இருக்கின்றன என்று 2003-இல் மரபணு ஆய்வு காட்டியது. 2020-இல் வெளியான வகைப்பாடு வடக்கே உள்ளதை மொரீலியா அசூரியா என்றும், தெற்கே உள்ளதை மொரீலியா விரிடிஸ் என்றும் பிரித்தது.

இந்தப் பாம்பைக் கறுப்பாக்க முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கேள்வி.

கேள்வி வெறும் ஆசையிலிருந்து எழவில்லை. வளர்ப்பிடங்களில் பிறந்த குட்டிகள் சிலவற்றில் மஞ்சள் அல்லது சிவப்புப் பின்னணியில் கரும்புள்ளிகள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருப்பதை அமெரிக்க வளர்ப்போர் கவனித்தார்கள். உடலெங்கும் உண்ணி மொய்த்ததுபோல் தெரிந்ததால் அத்தகைய பாம்புகளுக்கு 'மைட் ஃபேஸ்' என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் சில வளர்ந்த பிறகும் புள்ளிகளை இழக்கவில்லை. பச்சைச் செதில்களின் நுனியில் கறுப்பு தங்கியது. சிலவற்றில் முதுகில் திட்டுத் திட்டாகப் படர்ந்தது. இப்படி இரண்டைச் சேர்த்தால் அடுத்த தலைமுறை இன்னும் கறுக்குமா? அதற்கும் அடுத்தது? விதை நெல் பொறுக்கும் உழவர் கேட்பதும், ஆட்டுக்கிடாயைத் தேர்ந்தெடுக்கும் கீதாரி கேட்பதும் இதே கேள்விதான். ஆனால் பாம்பில் விடை கிடைக்க ஆகும் காலமே வேறு.

முதலில் பச்சை எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பாம்பின் தோலில் பச்சை நிறமி கிடையாது. ஊர்வனவற்றின் தோலில் நிறத்துக்குப் பொறுப்பான செல்கள் பெரும்பாலும் மூன்று அடுக்காக அமைகின்றன. மேலடுக்கில் மஞ்சள், சிவப்பு நிறமிகளைச் சுமக்கும் செல்கள். நடுவில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்களை அடுக்கி வைத்திருக்கும் செல்கள். இவை ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பியனுப்புகின்றன. அடியில் மெலனின் என்ற கருநிறமியைக் கொண்ட செல்கள். நடு அடுக்கிலிருந்து திரும்பும் நீல ஒளி மேலடுக்கின் மஞ்சளைக் கடந்து வெளியேறும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகிறது. நீல விளக்கின் முன்னால் மஞ்சள் கண்ணாடித் தாளைப் பிடித்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நடக்கிறது. பச்சைப் பாம்பைச் சாராயத்தில் ஊறப்போட்டால் மஞ்சள் நிறமி கரைந்துவிடும், நீலம் மிஞ்சும். அருங்காட்சியகக் குடுவைகளில் பச்சைப் பாம்புகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

அடியடுக்கின் கறுப்பு செய்யும் வேலை பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. படிகங்களைத் தாண்டி உள்ளே போகும் மிச்ச ஒளியை அது விழுங்கிக்கொள்கிறது. அந்தக் கறுத்த பின்புலம் இல்லாவிட்டால் நீலம் வெளிறிப்போகும். அதனால் பச்சையும் வெளிறிப்போகும். ஆக, ஆழ்ந்த பச்சைப் பாம்பு ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. வளர்ப்போர் புதிதாக ஒரு நிறத்தைப் படைக்க வேண்டிய அவசியமில்லை. அடியில் இருக்கும் செல்கள் எண்ணிக்கையில் பெருக வேண்டும், மெலனினைக் கூடுதலாகச் சுரக்க வேண்டும், மற்ற இரண்டு அடுக்குகளை மறைக்கும் அளவுக்கு மேலே பரவ வேண்டும். இந்த மூன்றும் தனித்தனி வேலைகள். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மரபணுக்கள் நடத்துகின்றன.

இங்கேதான் பந்து மலைப்பாம்பின் கதையும் காண்ட்ரோவின் கதையும் பிரிகின்றன. ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பில் இன்று சந்தையில் உள்ள நிறவகைகளில் பல ஒற்றை மரபணுவின் திரிபால் வருபவை. முதல் வெளிறிய பந்து மலைப்பாம்புகள் வளர்ப்பில் 1992-இல் பிறந்தன. திரிந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் குட்டி வெளிறியதாகப் பிறக்கும். ஒன்று மட்டும் வந்தால் இயல்பாகத் தெரியும். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட கணக்கு அப்படியே பொருந்துகிறது. எந்த ஜோடியைச் சேர்த்தால் நான்கில் எத்தனை பங்கு குட்டி எந்த நிறத்தில் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சோளப்பாம்பில் கறுப்பு நிறமி இல்லாத வகைக்கு ஓசிஏ2 என்ற மரபணுவின் கோளாறு காரணம் என்பதை ஜெனீவாவின் ஆய்வுக்குழு 2015-இல் கண்டறிந்தது.

காண்ட்ரோவின் கறுப்பு இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. கரும்புள்ளி மிகுந்த ஒன்றை இயல்பான ஒன்றோடு சேர்த்தால், குட்டிகள் கறுப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதில்லை. கொஞ்சம் புள்ளி, அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஏறக்குறைய புள்ளியே இல்லாதது என்று படிப்படியாகப் பரவி நிற்கும். நம் வீடுகளில் பிள்ளைகளின் உயரம் பரவியிருப்பதும் இப்படித்தான். பல மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பண்பு இது.

இத்தகைய பண்பைத் தேர்வின் மூலம் எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய ஒரு சோதனையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. அதுவும் கறுப்பைப் பற்றியதுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வில்லியம் காஸில் முக்காடு எலிகளை வளர்த்தார். இவற்றுக்குத் தலையும் தோளும் கறுப்பு, முதுகில் ஒரு கறுப்புப் பட்டை, மற்றதெல்லாம் வெள்ளை. முக்காடு இருப்பதும் இல்லாததும் ஒற்றை மரபணுவின் வேலை. ஆனால் முக்காடு எவ்வளவு தூரம் நீள்கிறது என்பது எலிக்கு எலி மாறியது. காஸிலும் ஜான் ஃபிலிப்ஸும் கறுப்பு கூடிய எலிகளை ஒரு வம்சமாகவும், குறைந்தவற்றை இன்னொரு வம்சமாகவும் பிரித்து, தலைமுறை தலைமுறையாகத் தம்முள் சேர்த்தார்கள். 1914-இல் முடிவுகளை வெளியிட்டபோது, ஒரு வம்சம் வயிற்றுப் பகுதி தவிர ஏறத்தாழ முழுக்கக் கறுத்திருந்தது. மற்றது தலையில் மட்டும் கறுப்பு மிஞ்சிய வெள்ளை எலிகளாகியிருந்தது. தொடக்கக் கூட்டத்தில் எந்த எலியிடமும் இல்லாத அளவுக்கு இரண்டும் எல்லை தாண்டிப் போயிருந்தன.

தேர்வு மரபணுவையே மாற்றிவிட்டது என்று காஸில் நம்பினார். அவருடைய மாணவர் ஸூவல் ரைட் ஒரு சோதனையைப் பரிந்துரைத்தார்: இரண்டு வம்சங்களையும் முக்காடு இல்லாத எலிகளோடு திரும்பத் திரும்பக் கலந்து, பிறகு முக்காடு எலிகளை மீண்டும் பிரித்தெடுத்துப் பார்க்கலாம். செய்தபோது இரண்டு வம்சங்களும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பி வந்தன. முக்காட்டு மரபணு இரண்டிலும் மாறாமல் அதுவாகவே இருந்தது. சுற்றியிருந்த பல சிறு மரபணுக்கள்தான் தேர்வில் திரண்டிருந்தன. கலப்பில் அவை கலைந்துபோயின. 1919-இல் காஸில் தம் கருத்தைப் பகிரங்கமாகக் கைவிட்டார். ஓர் அறிஞர் தம் ஆண்டுக்கணக்கான உழைப்பின் விளக்கத்தைச் சான்றின் முன் இப்படி விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் பெரிய செயலாகத் தெரிகிறது.

காண்ட்ரோ வளர்ப்போருக்கு இந்தச் சோதனை இரண்டு செய்திகளைச் சொல்கிறது. சிறு மரபணுக்களைத் திரட்டித் திரட்டி, முன்னோர் எதிலும் இல்லாத கறுப்பை எட்ட முடியும் என்பது ஒன்று. திரட்டியதை ஒரே ஒரு கவனமற்ற கலப்பில் கலைத்துவிடவும் முடியும் என்பது மற்றொன்று.

எவ்வளவு வேகமாகத் திரட்டலாம் என்பதற்கு ஒரு எளிய சமன்பாடு உண்டு. கால்நடை வளர்ப்பில் பிறந்த அந்தக் கணக்கைக் கற்பனை எண்களால் விளக்குகிறேன். ஒரு கூட்டத்துப் பாம்புகளின் முதுகில் குறிப்பிட்ட இடத்தைப் படமெடுத்து, நூறு செதிலில் எத்தனை கறுத்திருக்கின்றன என்று எண்ணுகிறோம்; சராசரி 10 என்று வைத்துக்கொள்வோம். பெற்றோராக நாம் தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி 30. அவற்றின் குட்டிகள் வளர்ந்து நிறம் நிலைத்த பின் எண்ணினால் 16 வருகிறது. பெற்றோர் கூட்டத்தைவிட 20 செதில் கூடுதல். குட்டிகள் 6 மட்டுமே கூடுதல். ஆறை இருபதால் வகுத்தால் 0.3. இதுதான் அந்தப் பண்பின் மரபுப் பங்கு. பெற்றோரின் கறுப்பில் குட்டிக்குக் கடத்தக்கூடியது பத்தில் மூன்று பங்கு; மீதி வளர்ப்புச் சூழலாலும் தற்செயலாலும், அப்படியே வழிவழியாகக் கடத்த முடியாத மரபணுச் சேர்க்கைகளாலும் வந்தது. கறுத்த ஜோடிக்கு அதைவிட வெளுத்த குட்டிகள் பிறக்கும்போது புதிதாக வளர்க்க வந்தவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஏமாற வேண்டியதில்லை. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்று இறங்கிவருவதை ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886-லேயே எண்ணிக் காட்டியிருக்கிறார்.

சூழலின் பங்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காண்ட்ரோவில் கருவுற்ற பெண் நிறம் மாறுகிறது. நீலம் கலந்து மங்குகிறது. சிலவற்றில் அந்த நீலம் முட்டையிட்ட பிறகும் போவதில்லை. அடைகாக்கும் வெப்பநிலை குட்டிகளின் நிறக்கோலத்தைப் பாதிப்பது பல பாம்பு இனங்களில் தெரிந்த செய்தி. சட்டை உரிக்கப்போகும் நாட்களில் எந்தப் பாம்பும் மங்கித்தான் தெரியும். ஆகவே ஒருநாள் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து, 'இது கறுத்த வம்சம்' என்று முடிவு கட்டுவது கண்ணை நம்பிக் கணக்கைக் கைவிடுவதாகும். சட்டை உரித்து ஒரு வாரம் கழிந்தபின், ஒரே ஒளியில், உடலின் ஒரே பகுதியை, ஆண்டுதோறும் படமெடுத்து வைப்பவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

இனி காலத்துக்கு வருவோம். உண்மையான தடை அங்கேதான் இருக்கிறது. ஆண் இரண்டு மூன்று வயதில் தயாராகிவிடும். பெண்ணை நான்கு வயது வரை காக்கவைப்பதே நல்ல வளர்ப்போரின் வழக்கம். இளவயதில் முட்டையிடவைத்தால் உடல் தேய்ந்து இறந்துபோகலாம். ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடவைப்பதும் தகாது. ஓர் அடைக்குப் பத்து முதல் இருபத்தைந்து முட்டை. தாய் அவற்றைச் சுற்றி வளைத்துக்கொண்டு, தசையை நடுக்கி வெப்பம் உண்டாக்கி அடைகாக்கும். பலர் முட்டைகளை எடுத்து 31 டிகிரி அளவில் பெட்டியில் வைக்கிறார்கள். ஏறத்தாழ 50 நாளில் பொரிக்கும். கூமுட்டை கழிய மிஞ்சும் குட்டிகளும் உடனே உண்ணத் தொடங்குவதில்லை. காட்டில் சிறு அரணைகளைத் தின்று பழகவேண்டிய குட்டிக்குக் கண் திறக்காத எலிக்குஞ்சு உணவென்று தெரியாது. வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக அமர்ந்து, இறகின் வாசனை ஏற்றி, வால் முனையில் மெல்லச் சீண்டி ஊட்டப் பழக்க வேண்டும். முதுகெலும்பு மெல்லியது என்பதால் குட்டியைக் கிளையிலிருந்து பிடித்து இழுத்தாலே வால் எலும்பு உடைந்து நிரந்தரக் கோணலாகிவிடும். இதற்குப் பிறகு நிறம் மாறும்வரை ஓராண்டு, நிறம் நிலைக்கும்வரை இன்னும் இரண்டு மூன்று ஆண்டு. குட்டியில் கரிப்பொடி தூவியதுபோல் இருந்தது முழுப் பச்சையாகிப் போவதும் உண்டு, சாதாரணமாகத் தெரிந்தது நான்காம் ஆண்டில் கறுத்து எழுவதும் உண்டு.

ஒரு தலைமுறைக்கு நான்கைந்து ஆண்டு என்று வைத்தால், இருபத்தைந்து வயதில் தொடங்குபவர் அறுபது வயதில் ஏழெட்டுத் தலைமுறையைத்தான் பார்த்திருப்பார். காஸிலின் எலிகள் சில ஆண்டுகளில் கடந்துவிட்ட தூரம் அது. இந்த வேலையை ஒருவர் தனியாக முடிக்க முடியாது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர வேண்டும். அதற்கு ஏடு வேண்டும்: எந்தப் பாம்பு யாருடைய குட்டி, உடன்பிறந்தவை எத்தனை, அவை நான்கு வயதில் எப்படி இருந்தன. கிரெக் மேக்ஸ்வெல்லின் 'தி கம்ப்ளீட் காண்ட்ரோ' என்ற நூல் வளர்ப்போர் பலருக்குக் கைநூலாக இருந்ததும், வம்சாவளியைப் பெயர் சொல்லி எழுதிவைக்கும் பழக்கம் காண்ட்ரோ உலகில் ஊன்றியதும் தற்செயலல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் சந்தை இதற்கு எதிராக இழுக்கிறது. ஓர் அடையில் பொரித்த இருபது குட்டிகளையும் நான்காண்டு வளர்க்க எவரிடமும் இடமும் பணமும் இருப்பதில்லை. ஆறுமாதக் குட்டியாக, இன்னும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும்போதே பதினெட்டை விற்றுவிட்டு இரண்டை வைத்துக்கொள்கிறார்கள். விற்ற பதினெட்டில் எது கறுத்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போகிறது. வைத்துக்கொண்ட இரண்டும் புள்ளி மிகுந்தவை என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் உடன்பிறப்புகளின் சராசரி என்னவென்று தெரியாமல் மரபுப் பங்கைக் கணக்கிட வழியில்லை. கறுத்த காண்ட்ரோ இன்றும் அரிதாக இருப்பதற்கு மரபணுவைக் காட்டிலும் இந்த விற்பனை முறையே பெரிய காரணம் என்பது என் தீர்மானம்.

அரிதானதைச் சீக்கிரம் பெருக்க நினைப்பவர்கள் எடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு: அண்ணனைத் தங்கையோடும், தந்தையை மகளோடும் சேர்ப்பது. கறுப்பைச் சேர்க்கும் மரபணுக்கள் அதனால் வேகமாகத் திரளும், உண்மைதான். கூடவே மறைந்திருந்த கேடுகளும் திரளும். கூமுட்டைகள் பெருகுகின்றன, முட்டைக்குள்ளேயே குட்டிகள் சாகின்றன, முதுகெலும்பு முடிச்சிட்டவை பிறக்கின்றன. ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் கரும்பட்டைகள் ஒன்றோடொன்று கலந்து கறுத்துத் தெரியும் புலிகளை ஆராய்ந்து 2021-இல் இந்திய விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுக்கு வருகிறது. அங்குள்ள புலிகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு அப்படி இருந்தன. மற்றக் காடுகளிலிருந்து துண்டுபட்டுச் சிறுத்துப்போன கூட்டத்தில் ஓர் அரிய திரிபு பெருகியதன் அடையாளம் அது. பார்க்க அழகான கறுப்பு, கூட்டம் சுருங்கிவிட்டதற்கான எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

நெருங்கிய உறவில் சேர்க்காவிட்டாலும் நிறத்துக்கு விலை உண்டு. கருவில் நிறமிச் செல்கள் பிறக்கும் இடம் நரம்பு முகடு. நரம்புகளும் தலை எலும்பின் பகுதிகளும் அங்கிருந்தே கிளைக்கின்றன. ஆகவே நிறத்தைத் தொடும் மரபணு சிலவேளை அவற்றையும் தொட்டுவிடுகிறது. பந்து மலைப்பாம்பின் 'ஸ்பைடர்' வகை தலையை நேராக வைத்துக்கொள்ள முடியாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். உட்காதின் அமைப்பே கோணியிருப்பதை நுண்ஊடுகதிர்ப் படங்கள் காட்டின. அதே இனத்தில் 'சூப்பர் சின்னமன்' என்ற, ஏறத்தாழ முழுக் கறுப்பான வகையில் வாத்து அலகு போன்ற முகமும் முதுகெலும்புக் கோணலும் அடிக்கடி வருவதை வளர்ப்போரே ஒப்புக்கொள்கிறார்கள். காண்ட்ரோவின் கறுப்பு பல மரபணுக்களால் வருவதால் இத்தகைய ஒற்றைப் பேரிடி குறைவு என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்ப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது. கறுப்பை எண்ணும் ஏட்டிலேயே எத்தனை முட்டை பொரித்தது, எத்தனை குட்டி தானாக உண்டது, எத்தனை நிமிர்ந்த முதுகோடு வளர்ந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இயற்கையும் கறுப்பைத் தேர்ந்தெடுக்கிறது, ஆனால் காரணத்தோடு. நியூ கலிடோனியாவின் ஆமைத்தலைக் கடற்பாம்பு நல்ல நீருள்ள பவளப்பாறைகளில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு இருக்கிறது. நகரத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய பாறைகளில் முழுக்கக் கறுத்திருக்கிறது. கறுத்த தோல் துத்தநாகம், ஆர்சனிக் போன்றவற்றைக் கூடுதலாகப் பிணைத்துக்கொள்வதையும், அத்தகைய பாம்புகள் அடிக்கடி சட்டை உரிப்பதையும் 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. மாசைத் தோலில் ஏற்றி உரித்தெறிய மெலனின் உதவுகிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து.

காண்ட்ரோவின் நிறங்களுக்கும் காட்டில் காரணம் இருக்கிறது. கேப் யார்க்கில் டேவிட் வில்சனும் உடனாய்வாளர்களும் இந்தப் பாம்புகளைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் எழுதினார்கள். சிறியவை காட்டின் ஓரத்திலும், மரம் விழுந்த வெளிகளிலும், தரைக்கு அருகே இரை தேடுகின்றன. ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் நிறம் மாறி மேலே, அடர்ந்த இலைகளுக்குள் ஏறுகின்றன. அவற்றைத் தின்னும் பறவைகளின் கண்ணுக்கு எது எப்படித் தெரியும் என்று கணக்கிட்டபோது, குட்டியின் நிறம் கீழேயுள்ள சூழலிலும் பெரியதன் பச்சை மேலேயுள்ள இலைகளிலும் மறைந்துகொள்வது தெரிந்தது. கறுத்த காண்ட்ரோ அந்த இலைகளுக்கு நடுவே எளிதில் தென்பட்டுவிடும். நாம் தேர்ந்தெடுக்கும் கறுப்பு பெட்டிக்குள் மட்டுமே வாழக்கூடியது. அந்தப் பாம்பைக் கடைசிவரை காக்கும் கடமை முழுவதும் அதைப் பிறப்பித்தவர் தலையில்தான் இருக்கிறது.

காட்டுக்கும் இந்த வளர்ப்புக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜெசிக்கா லயன்ஸும் டேனியல் நட்டுஷும் 2009 முதல் 2011 வரை இந்தோனேசியாவின் மலுக்கு, பாப்புவா பகுதிகளில் பாம்பு வணிகர்களைச் சுற்றி ஆராய்ந்தார்கள். வளர்ப்பில் பிறந்தவை என்ற சான்றிதழோடு அந்நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்று கண்டார்கள். ஆண்டுக்கு 5,337 பாம்புகள் அப்படிப் பிடிக்கப்படுவதாக மதிப்பிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட இனம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம்; ஆனாலும் நிலைமை இதுதான். அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது: உண்மையாக வளர்ப்பில் பொரித்த குட்டிக்கு அதன் முட்டை ஓடு இருக்கும், ஓட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

புதிய நிறத்துக்கான பசி இந்த வேட்டையைத் தூண்டுகிறது. வித்தியாசமாகப் புள்ளியிட்ட பாம்பு ஒன்று பியாக்கில் பிடிபட்டால் அதற்குத் தனி விலை. இதற்கு நேரெதிராக, நான்கு தலைமுறை ஏட்டோடு வளர்ப்பில் பிறந்த கறுத்த குட்டி காட்டுப்பாம்பின் தேவையைக் குறைக்கிறது. அந்த வகையில் பொறுமையான தேர்வை நான் ஆதரிக்கிறேன். வம்சம் தெரியாத கறுப்பை ஆதரிக்க மாட்டேன்.

நம் பக்கமும் இந்த வணிகம் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்துவைக்கப்பட்டிருந்தன. 2022-இல் திருத்தப்பட்ட காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும், குட்டி பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கறுத்த பச்சைப் பாம்பு என்று யாராவது ஒரு படத்தை அனுப்பி விலை சொன்னால், தாய் தந்தையின் நான்கு வயதுப் படத்தைக் கேளுங்கள், முட்டை ஓட்டைக் கேளுங்கள், பதிவுத் தாளைக் கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள்.